நம்மைப் பற்றி எழுதப்படும் ஆங்கிலம்

தில்லியில் வாழும் தமிழ் உழைப்பாளியின் வீட்டுக்குள் ஆங்கிலம் இரண்டு வழியாக நுழைகிறது. ஒன்று பிள்ளையின் புத்தகப் பையில் வருகிறது. மற்றொன்று கதவில் ஒட்டப்படும் காகிதத்தில் வருகிறது. முதல் ஆங்கிலத்துக்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி டியூஷனுக்குப் பணம் கொடுக்கிறோம். மகள் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசிவிட்டால் விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் போன் போட்டுச் சொல்லிப் பூரிக்கிறோம். இரண்டாவது ஆங்கிலத்தை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தருவதில்லை. காகிதம் ஒட்டப்பட்ட அன்று, பக்கத்தில் படித்தவர் யார் என்று தேடி ஓடுகிறோம். அவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “காலி பண்ணச் சொல்றாங்க அண்ணே” என்கிறார். ஒரு பக்கக் காகிதத்துக்கு அந்த நாலு சொல்தான் மொழிபெயர்ப்பு. எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தேதி, யாரிடம் முறையிடலாம், எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்திலேயே எழுதிக் கிடந்தாலும் நம் கைக்கு வந்து சேருவதில்லை.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம் என்று தில்லித் தமிழர் எவரும் கேட்கமாட்டார்கள். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர் வாழ்ந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வைத்து இடிக்கப்பட்டது. தில்லி உயர் நீதிமன்றம் மே மாதத்தில் பிறப்பித்த உத்தரவின்படி அது நடந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது, கால்வாயின் அடைப்பை எடுக்க வேண்டும், எடுக்க வேண்டுமானால் குடிசைகள் போக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சுமார் 370 குடும்பங்கள். சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண்கள், டிரைவர்கள், கூலி வேலைக்காரர்கள். அவர்களில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்பது இடிப்பு நாளில் பத்திரிகைகளில் வந்த கணக்கு. அந்த வீடும் எங்கே? நகரத்தின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். காலை ஆறரைக்கு ஜங்புராவில் வேலைக்கு நிற்க வேண்டிய பெண் நரேலாவில் எத்தனை மணிக்குப் பஸ் ஏறுவாள்? லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை என்ன செய்யும்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாப் பக்கம் இல்லை.

இந்தக் கேள்விகளை இனியும் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். இன்று சொல்ல வருவது, புல்டோசருக்கு முன்னால் வந்து சேர்ந்த சொற்களைப் பற்றி.

ஆங்கிலச் செய்தித்தாள்களில் இடிப்புச் செய்தி எப்படி எழுதப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘வீடு’ என்ற சொல் அருமையாகத்தான் வரும். ‘ஸ்ட்ரக்சர்’ என்று வரும். அதாவது கட்டுமானம். வீடு என்றால் உள்ளே மனிதர் இருப்பார்; கட்டுமானம் என்றால் செங்கல்லும் தகரமும்தான். நாம் வாழும் இடம் தெருவாகவோ ஊராகவோ இராது, ‘கிளஸ்டர்’ ஆகிவிடும். கொத்து. புல் கொத்தாக முளைப்பது போல. பங்களாவில் இருப்பவர் ‘ரெசிடென்ட்’. அவர்கள் சங்கத்துக்கே ரெசிடென்ட்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷன் என்றுதான் பெயர். அந்தப் பங்களாவைப் பெருக்கித் துடைக்கிற பெண் அரை நூற்றாண்டு ஒரே இடத்தில் வாழ்ந்தாலும் ரெசிடென்ட் ஆவதில்லை, ‘என்குரோச்சர்’ ஆகிறாள். இத்தனைக்கும் பங்களாக்காரர் பொது நடைபாதையில் ஜெனரேட்டரை வைத்து, பூங்கா ஓரத்தில் இரண்டு கார் நிறுத்தியிருப்பார்.

தமிழ்ப் பத்திரிகைகளாவது வேறு விதமாக எழுதுகின்றனவா? இல்லை. ஏஜென்சிச் செய்தியில் ‘என்குரோச்மென்ட்’ என்று வந்ததை அப்படியே ‘ஆக்கிரமிப்பு’ என்று போடுகின்றன. படை எடுத்து வந்து நாட்டைப் பிடித்தவனுக்கும் ஆக்கிரமிப்பாளன் என்ற பெயர். வறண்ட ஊரை விட்டுத் தூக்குவாளியோடு ரயிலேறி வந்தவனுக்கும் அதே பெயர். ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று தலைப்பைப் படிக்கிற நம் ஊர்ச் சொந்தக்காரரே, “சரி, சர்க்கார் இடத்தைப் பிடிச்சிருந்தா எடுக்கத்தானே செய்வான்” என்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது? முடிவை அந்தச் சொல்லே அவருக்காகச் செய்துவிட்டது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த ஆங்கிலத்தில் வேலையைச் செய்தவன் கண்ணில் படமாட்டான். இடிக்கப்பட்டன, அகற்றப்பட்டன, தகுதியற்றோர் எனக் கண்டறியப்பட்டனர். இலக்கணத்தில் இதைச் செயப்பாட்டு வினை என்று படித்தோம். ஆபீஸில் இது பிழைக்கும் வழி. இதை எழுதுகிறவன் ரயில்வே குமாஸ்தா. ஆண்டுக்கணக்கில் கோப்பு எழுதிப் பழகியவன். ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்று எழுதுவோம். முடிவு செய்தவர் பெயர் வராது. ‘காம்பீடென்ட் அதாரிட்டி’ என்று ஒருவர் எல்லாக் கோப்பிலும் இருக்கிறார். அவரை நேரில் கண்டவர் இல்லை. ‘வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது’ என்று முடிப்போம். வருந்தியவர் யாரென்று கேட்டால் அறையே சிரிக்கும். மாற்றல் கேட்டு மனுப் போட்டுத் தள்ளுபடியான கலாசிக்கு அது சிரிப்பில்லை. செயப்பாட்டு வினை தமிழிலும் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பேச்சில் “போலீஸ்காரன் அடிச்சான்” என்போமே தவிர, “நான் அடிக்கப்பட்டேன்” என்று சொல்லி அழுதவர் எவரும் இல்லை.

சொல் மாறினால் நியாயம் மாறுமா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது, அதுவும் உச்ச நீதிமன்றத்திலேயே. 1981இல் பம்பாயில் நடைபாதைவாசிகளை அள்ளிச் சொந்த ஊருக்கு அனுப்ப மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. அந்த வழக்கில் மனுதாரராக நின்றவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமற்ற கூலி, 1961இல் பஞ்சத்துக்குப் பிழைக்கப் போனவர். ரசாயனக் கம்பெனி ஒன்றில் தினக்கூலி. 1981 ஜூலையில் அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தார். வேலை பம்பாயில் இருக்கிறது, சேலத்தில் என்ன இருக்கிறது? பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் வழங்கும் அந்த வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்தது. பிழைப்புரிமை உயிருரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. நடைபாதையில் குடியேறுகிறவர் குற்றம் செய்யும் எண்ணத்தோடு வருவதில்லை, வேறு வழியில்லாமல் வருகிறார் என்றும் சொன்னது. குடிசைகளை எடுக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பில் நாம் மனிதர்களாக இருந்தோம்.

2000இல் குப்பை அள்ளுவது பற்றிய ஒரு வழக்கில், அல்மித்ரா படேல் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் பொது நிலத்தில் குடியிருப்பவருக்கு மாற்று இடம் தருவதைப் பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு தருவதோடு ஒப்பிட்டது. பதினைந்தே ஆண்டில் ‘வேறு வழியில்லாதவர்’ பிக்பாக்கெட் ஆனார். பிறகு 2015 டிசம்பர் 12ஆம் தேதி, குளிர் காலத்தில், ஷகூர்பஸ்தியில் ரயில்வே நிலத்தில் இருந்த நூற்றுக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. இடித்தது ரயில்வே நிர்வாகம். அதையொட்டி அஜய் மாக்கன் தொடர்ந்த வழக்கில் 2019 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிசைவாசிகளைச் சட்டவிரோதமாகப் புகுந்தவர்கள் என்று பார்க்கக் கூடாது, உரிமையுள்ள குடிமக்களாகப் பார்க்க வேண்டும், கணக்கெடுத்து மாற்று ஏற்பாடு செய்யாமல் அகற்றக் கூடாது என்பது அதன் சாரம். அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி முரளிதர். தோழர்களே, இந்த மூன்று தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நமக்கு எதிரான சொல்லும் அதில்தான் இருக்கிறது, ஆதரவான சொல்லும் அதில்தான் இருக்கிறது. எதிரானது தானாகவே நம் கதவுக்கு வருகிறது. ஆதரவானதை நாம்தான் போய் எடுக்க வேண்டும்.

எடுக்கப் போனால் முதல் இடறல் பள்ளிக்கூட ஆங்கிலமே. ‘ஸ்டே’ என்றால் தங்கு என்று பிள்ளை படித்திருக்கிறது. பத்திரிகையில் ‘இடிப்புக்கு ஸ்டே’ என்று வந்தால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது நமக்கு நல்ல செய்தி. மறுவாரம் ‘ஸ்டே வெக்கேட்டட்’ என்று வருகிறது. ‘வெக்கேட்’ என்பதை நோட்டீஸில் ‘காலி செய்’ என்று பார்த்திருக்கிறோம். இங்கே காலியாவது வீடு அல்ல, தடை. தடை போய்விட்டது, இனி இடிக்கலாம் என்று பொருள். இந்த ஒரு சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் சாமான்களை எடுத்து வைக்க வேண்டிய நாளில் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். ‘பெட்டிஷன் டிஸ்போஸ்ட் ஆஃப்’ என்று ஆன்லைனில் பார்த்ததும், மனுவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று பலர் மனம் உடைந்து போகிறார்கள். வழக்கை முடித்து வைத்தார்கள் என்பதே பொருள். நமக்குச் சாதகமான உத்தரவு போட்டும் முடித்திருக்கலாம், தள்ளுபடி செய்தும் முடித்திருக்கலாம். முழு உத்தரவைப் படித்தால்தான் தெரியும். ‘எலிஜிபிள்’ என்றால் தகுதி என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனால் தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையில் அந்தச் சொல்லுக்குள் தேதிகளும் ஆதாரக் காகிதங்களும் அடங்கியிருக்கின்றன: 2015 ஜனவரி 1க்கு முன்பே அந்தக் குடிசையில் இருந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், இப்படி. பிழைப்புக்காக நடுவில் இரண்டு வருஷம் ஊருக்குப் போய்வந்தவர், பெயர் எழுத்துப் பிழையோடு பதிவானவர், இவர்களெல்லாம் ஒரே சொல்லால் வெளியே நிற்க நேரும்.

ஒரு சொல்லுக்காக இத்தனை பாடா என்று நினைப்பவர்களுக்கு நம் சொந்தச் சரித்திரத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்பதற்கு ‘மே’ என்ற சொல்லைப் போட்டார்கள். அதற்கும் ‘ஷல்’ என்பதற்கும் பொருள் ஒன்றுதான் என்று நேரு சமாதானம் சொன்னார். ஒன்றுதான் என்றால் ‘ஷல்’ என்றே எழுதிவிடலாமே என்று அண்ணா மாநிலங்களவையில் கேட்டார். எழுதவில்லை. 1965இல் தமிழ்நாடு கொதித்தது, உயிர்கள் போயின. 1967 திருத்தத்தில் ‘ஷல்’ வந்தது. தொடரலாம் என்பதற்கும் தொடர வேண்டும் என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நம் அப்பன்மார் உயிர் கொடுத்து அளந்தார்கள். இன்று நம் கதவில் ஒட்டும் காகிதத்தில் ‘மே’ இருக்கிறதா ‘ஷல்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

வேலைத் தலங்களில் மொழி எப்படி உயிர்ப் பிரச்சினை ஆகிறது என்பதை எங்கள் ரயில்வேயே காட்டியிருக்கிறது. 2019 மே மாதம் மதுரைக்குப் பக்கத்தில் கள்ளிக்குடிக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ஒரே தண்டவாளத்தில் இரண்டு பயணிகள் ரயில்கள் எதிரெதிரே விடப்பட்டன. கடைசி நேரத்தில் தடுத்தார்கள். ஒரு நிலைய அதிகாரிக்குத் தமிழ் சரியாக வராது, மற்றவருக்கு இந்தி வராது. போனில் பேசிக்கொண்டது குழம்பிவிட்டது. உடனே தெற்கு ரயில்வே என்ன செய்தது? கட்டுப்பாட்டு அறையும் நிலைய அதிகாரிகளும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் பேச வேண்டும், பிராந்திய மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று ஜூனில் சுற்றறிக்கை விட்டது. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. எந்த மொழியானாலும் இருவருக்கும் தெரிந்த மொழியில், குறித்த வார்த்தைகளில், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து பேச வேண்டும் என்பதே ரயில் ஓட்டத்தின் அரிச்சுவடி. சுற்றறிக்கை போட்டவர்களுக்கு அது மறந்துபோனது விந்தை.

ஆகாயத்தில் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1996 நவம்பர் 12ஆம் தேதி, தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் தில்லிக்கு இறங்கி வந்த கசாக்ஸ்தான் விமானமும் அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. 349 பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைக்கவில்லை. சவூதி விமானத்தில் போனவர்களில் நிறையப் பேர் நம்மைப் போல வயிற்றுப் பிழைப்புக்குப் போனவர்கள். கசாக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது. அதற்குக் கீழே இறங்கிவிட்டது. விசாரணை நடத்திய நீதிபதி லகோத்தி, அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதிய அளவு புரியாததையும் ஒரு காரணமாகச் சொன்னார். பிற்பாடு உலக விமானப் போக்குவரத்து அமைப்பு, பன்னாட்டுப் பயணத்தில் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் குறிப்பிட்ட தரத்தில் ஆங்கிலம் பேசிப் புரிய வைக்க வேண்டும் என்று விதி செய்து 2008 முதல் அமலாக்கியது. அந்த விதியின் போக்கைக் கவனியுங்கள். கேட்கிறவனுக்குப் புரிந்ததா என்பது சொல்கிறவனின் பொறுப்பும் ஆகும். உச்சரிப்பு பிறருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்பதுகூடச் சோதனையில் உண்டு. குடிசையை இடிக்க உத்தரவு எழுதுகிற அதிகாரிக்கு அப்படி ஒரு சோதனை யாராவது வைத்ததுண்டா?

அதிகாரி நமக்குப் புரியும் மொழியில் எழுதட்டும், நாம் ஏன் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று நம் நண்பர்களில் சிலர் வாதிடுகிறார்கள். கேட்க வேண்டியதுதான். அதற்கு வழியும் உண்டு. அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கும்படி கேட்கும் மனுவை மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் இந்திய ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. தமிழில் மனு எழுதி ரயில்வே அமைச்சகத்தில் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது இதே தில்லி உயர் நீதிமன்றம்தான். மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது என்பது வேறு கதை. ஒரு வரைவுக்கு 22 மொழி வேண்டுமென்றால், 370 வீட்டை எடுக்கும் உத்தரவுக்கு அங்கே வாழ்கிறவர் மொழி ஒன்று வேண்டாமா? இந்தக் கோரிக்கையைச் சங்கம் விடப்போவதில்லை.

ஆனால் அது நிறைவேறும் வரை காகிதம் காத்திருக்காது. மேல் நீதிமன்றங்களில் ஆங்கிலம் என்று 348ஆவது பிரிவு சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சென்னையிலேயே அந்தக் கதி என்றால் தில்லியில் நம் நிலை சொல்ல வேண்டுமா? நமக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பொருள் புரியாது. தமிழ் படிக்கவும் வரும், புரியவும் வரும். அதில் காகிதம் வராது.

முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்று விளம்பரம் செய்கிற இடங்களில் இந்த ஆங்கிலம் கிடைக்காது. அங்கே ஹோட்டலில் காபி கேட்கக் கற்றுத் தருவார்கள். நமக்கு வேண்டியது பேசுகிற ஆங்கிலம்கூட இல்லை, படிக்கிற ஆங்கிலம். அதிலும் நோட்டீஸ், உத்தரவு, செய்தி, வேலை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு என்ற ஐந்தாறு வகைக் காகிதங்களின் ஆங்கிலம். இதில் இருநூறு, முந்நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எட்டாவது படித்த தாய்க்கும் பத்தாவது படிக்கும் மகளுக்கும் சேர்ந்து உட்கார்ந்தால் பிடிபடக் கூடியவை.

ஆகவே வரும் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குச் சங்க அறையில் இதற்கென வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஒருவரும், சட்டம் படிக்கும் நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் வாரம் ஒரே இடிப்புச் செய்தியை ஓர் ஆங்கிலத் தாளிலும் ஒரு தமிழ்த் தாளிலும் வைத்துப் படிப்போம்: யார் செய்தார் என்பது எங்கே மறைகிறது, நம்மை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கோடு போடுவோம். அடுத்த வாரம் நோட்டீஸ். தேதி எங்கே, பிரிவு எங்கே, கையெழுத்திட்டவர் பதவி என்ன, மேல்முறையீடு யாரிடம் என்று தேடுவோம். கட்டணம் இல்லை. பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்தக் காகிதம் எப்போது வந்தது என்பது பிள்ளைக்குத் தெரியாது. வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய நோட்டீஸ், கோர்ட்டுக் காகிதம், சர்வே ரசீது எதுவானாலும் கொண்டு வாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.